வேலையிடமும் தொண்டும்: பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை



‘வேலையிடத் தோழர்கள் சேர்ந்து செய்யும் சமூகத் தொண்டு’ என்று தலைப்புக் கொடுத்துக் கருத்து விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர்கள் என்ன எழுதுவார்கள்? முதல் பத்தி ‘இன்றைய நவீன உலகில்’ என்று ஆரம்பிக்கும். இரண்டாவது பத்தியில் ஒரு பெரிய கம்பெனி வரும். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டீசட்டை, ஒரு முதியோர் இல்லம், பத்து மூட்டை அரிசி, கடைசியில் ஒரு குழுப்படம். மூன்றாவது பத்தியில், இந்தப் பழக்கம் மேல்நாட்டிலிருந்து நமக்கு வந்தது என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். முதல் இரண்டைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவதுதான் இடிக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அது பாதி உண்மைகூட இல்லை. நம்ம பாட்டன் பூட்டன் காலத்திலேயே ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து காசு போட்டாங்க, உடம்பு உழைப்பும் போட்டாங்க. அதற்கு அப்போது ஆங்கிலத்தில் பெயர் வைக்கவில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1890-இல் அது ஆற்றைக் கடந்து கிள்ளான் நகருக்குள் வந்தது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தார்கள். இன்று நாம் போர்ட் கிள்ளான் என்கிறோமே, அதுதான். பெயர் மாறியது 1972-இல். பாடநூலில் இந்த மூன்று ஆண்டுகளும் ஈயத்துக்கும் ரப்பருக்கும் கப்பல் ஏற்றிய கதையாக வரும். அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுப்பாருங்கள்: அந்த ரயிலை நடத்தியது யார்? கட்டை போட்டு, தண்டவாளம் பதித்து, வெயிலில் நின்று பழுது பார்த்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். அலுவலகத்தில் கணக்கு எழுதியவர்கள், டிக்கெட் கொடுத்தவர்கள், ஸ்டேஷன் மாஸ்டர்கள் என்று பார்த்தால் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்த இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர். சிங்களவர்களும் மலையாளிகளும் கூட இருந்தார்கள்.

இவர்கள் குடியிருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். 1881-இல் கோலாலம்பூரில் முதலில் தீ, பிறகு வெள்ளம். அத்தாப்புக் கூரை போட்ட மர வீடுகள் எல்லாம் போனபிறகு, இனிமேல் செங்கல்லாலும் ஓட்டாலும்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. செங்கல் சூளைகள் இருந்த இடமே ஊர்ப்பெயர் ஆகிவிட்டது. பின்னால் அங்கே ரயில்வே பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் வந்தன. ‘நூறு கோட்டர்ஸ்’ என்று பழைய ஆட்கள் சொல்லும் ரயில்வே வீட்டு வரிசை அங்கேதான் இருந்தது. இப்போது அதை இடித்தாயிற்று.

இங்கே ஒரு விஷயத்தை மாணவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரும் வேலையிடத் தோழரும் ஒரே ஆள். இருவருக்கும் ஒரே நாளில் சம்பளம். ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த வீட்டுக்காரர்தான் அலுவலகத்தில் லீவுக்குச் சொல்ல வேண்டும். சொந்தபந்தம் கடலுக்கு அப்பால். அப்படியானால் உறவு செய்ய வேண்டியதை எல்லாம் யார் செய்வது? வேலையிடம்தான் உறவுமுறை ஆயிற்று. ஊர் விட்டு ஊர் வந்த எந்தச் சமூகத்திலும் சங்கம் முதலில் முளைப்பது இப்படித்தான் என்பது என் எண்ணம். கோயில் கட்டுவதற்காகச் சங்கம் வைத்தார்கள் என்று நாம் எழுதுகிறோம். சாவுக்கும் சம்பளத்துக்கும் இடையில் ஒருவரை ஒருவர் தாங்கிப் பழகிய கூட்டம், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கோயில் கட்டியது என்று எழுதினால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸைச் சுற்றி நடந்து பாருங்கள். சிங்களவர்கள் அமைத்த பௌத்த சங்கம் 1894-இல் தொடங்கியது. இன்றைக்கும் விசாக நாளில் கூட்டம் தாங்காத பௌத்த மகா விகாரை அதன் வழி வந்தது. விவேகானந்தா ஆசிரமம் 1904-இல் தொடங்கியது. சுவாமி விவேகானந்தர் மறைந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. 1893-இல் சிகாகோ போகிற வழியில் அவர் கப்பல் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நின்று போனதால் இங்குள்ள தமிழர்களுக்கு அவர் பெயர் அந்நியமில்லை. ஆசிரமத்தை அமைத்தவர்கள் இலங்கைத் தமிழர்கள். அதன் பெயரால் தமிழ்ப்பள்ளியும் நடந்தது. ஸ்காட் ரோட்டில் கந்தசுவாமி கோயில் அதே தலைமுறை இலங்கைச் சைவர்களின் உழைப்பு. மூன்றுக்கும் பின்னால் ஒரு பணக்காரப் புரவலரை மட்டும் தேடினால் கிடைக்க மாட்டார். மாதச் சம்பளக்காரர்கள்தான் கிடைப்பார்கள். பத்துமலையை எடுத்துக்கொண்டால் கதை வேறு. அங்கே கா. தம்புசாமிப் பிள்ளை என்ற செல்வந்தர் பெயர் முன்னால் நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸில் பெயர்கள் பன்மையில்தான் நிற்கின்றன.

புகழ்ச்சி போதும், ஒரு குறையையும் சொல்லிவிடலாம். கிராணிமார் சேர்ந்து நடத்திய சபைகளில், தண்டவாளத்தில் வேலை செய்த தொழிலாளிக்கு எங்கே இடம் இருந்தது? ஒரே ரயில்வே, ஒரே தமிழ். ஆனால் ஆங்கிலப் படிப்பும் ஊரும் சாதியும் நடுவில் சுவர் வைத்தன. வேலையிடத் தொண்டு என்பது வேலையிடத்தின் படிநிலையையும் தன்னோடு கூட்டிக்கொண்டுதான் வரும். இன்றைய நிறுவனத் தொண்டு நாளிலும், மேலாளர் படத்துக்கு நிற்க, அலுவலக உதவியாளர் சாமான் இறக்குவதைப் பார்க்கலாம். நூறு வருஷத்தில் இது மட்டும் அதிகமாக மாறவில்லை.

சரி, காசு எப்படிச் சேர்ந்தது? அந்தக் காலத்துச் சம்பளக்காரருக்கு மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது, கடன்தான் இருக்கும். வட்டிக்கடையிலும் வட்டிக்காரரிடமும் மாட்டிக்கொண்ட அரசாங்க ஊழியர்களையும் காப்பாற்ற மலாயாவில் கூட்டுறவு இயக்கம் வந்தது. 1922-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு பதிவான முதல் சங்கம் அஞ்சல், தந்தி ஊழியர்களின் சிக்கன கடனுதவிச் சங்கம். கிராமத்தில் அல்ல, ஒரு வேலையிடத்தில்தான் அது பிறந்தது. அதன் உயிர்நாடி சம்பளப் பிடித்தம். சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே சேமிப்புப் பணம் கழிந்துவிடும். கைக்கு வந்தபின் கொடுப்பது கஷ்டம், வருவதற்குமுன் கழிவது சுலபம் என்ற மனித இயல்பை வைத்துக் கட்டிய ஏற்பாடு இது. பின்னால் தொழிற்சங்கச் சந்தா, மரண சகாய நிதி, கோயில் நிதி எல்லாம் இதே வழியில்தான் ஓடின. (இடையில் ஒன்று. வேலையிடங்களில் ரகசியமாக ஓடும் ‘கூட்டு’ச் சீட்டும் இதே குடும்பம்தான். 1971-இல் அதைத் தடை செய்த சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற நம்ம சொல் உட்கார்ந்திருக்கிறது.)

ரயில்வேயை விட்டு கிள்ளான் தோட்டங்களுக்குப் போனால் கதையின் நிறமே மாறுகிறது. அங்கே தொழிலாளி சேர்ந்து நிற்பதே குற்றமாகப் பார்க்கப்பட்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. அதை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர் ஆர். எச். நாதன். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்தவர். வேலைநிறுத்தக் கோரிக்கைகளை மாணவர்கள் ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும். கூலி உயர்வு, சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி என்பவை இருக்கின்றன. அவற்றோடு பிள்ளைகளுக்கு முறையான பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடுவது, துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயத்தை ஒழிப்பது, உறவினர் வந்து பார்க்க அனுமதி ஆகியவையும் இருக்கின்றன. தன் பாக்கெட்டுக்கு மட்டும் கேட்டதாக இதைச் சொல்ல முடியுமா? லயத்தில் இருக்கிற குழந்தைக்கும், குடிகாரன் வீட்டுப் பெண்ணுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். மே மாதம் நாதன் கைதானார், நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அடுத்த டிசம்பரில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள்.

போர் முடிந்தபிறகு ‘தொண்டர்’ என்ற சொல்லே தோட்டத்தில் ஒரு படையின் பெயராயிற்று. கெடாவில், பெடோங்குக்குப் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படையைப் பற்றி எஸ்.டி.பி.எம். மாணவர்களாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1946, 1947 ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர்களே வேலை முடிந்தபின் அணிவகுத்து, கள்ளுக்கடை முன் மறியல் செய்து, குடிப்பழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார்கள். தமிழ் வகுப்பும் நடத்தினார்கள். இந்திய தேசிய இராணுவத்தில் பெற்ற பயிற்சி இந்த ஒழுங்குக்குப் பின்னணியாக இருந்தது. 1947-இல் போலீசோடு மோதல்கள் நடந்தன. படை ஒடுக்கப்பட்டது. வேலையிடக் குழு ஒன்று சமூக நலனுக்காகத் தானாகக் கிளம்பினால், கொடுக்கிற கை பழகியவர்களுக்கு அது எவ்வளவு பயத்தைக் கொடுக்கிறது பாருங்கள்! அரிசி மூட்டை கொடுக்கிற தொண்டனை யாரும் கைது செய்வதில்லை. கள்ளுக்கடையை மூடச் சொன்ன தொண்டனைத்தான் பிடித்தார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கே திரும்புவோம். சயாம் மரண ரயில் பாதைக்காக 1942, 1943-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். அவர்கள் விட்டுப்போன பிள்ளைகளை யார் பார்ப்பது? அந்தக் காலத்தின் அநாதைப் பிள்ளைகளை மனத்தில் வைத்து சுவாமி சத்தியானந்தா 1949-இல் தொடங்கியதுதான் பூச்சோங் சாலையில் உள்ள சுத்த சமாஜம். 1961-இல் சுவாமி விபத்தில் மறைந்தபின் அன்னை மங்களம் பொறுப்பேற்று, 2023-இல் தாம் மறையும்வரை அதைத் தாங்கினார். அறுபது ஆண்டுக்கு மேல் ஓர் இல்லம் ஓடுவது என்றால் சும்மா இல்லை. வருஷத்துக்கு ஒருநாள் வருகிறவர்களை வைத்து அது ஓடாது. மாதா மாதம் வருகிறவர்கள் வேண்டும். இந்த வேறுபாட்டுக்குப் பிறகு வருகிறேன்.

ஆசிரியர்களுக்குப் பிடித்த ஒரு நிகழ்வையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்தபோது அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். தொழிலாளர்கள் வெள்ளிக் கணக்கில் கொடுத்தார்கள். அன்றாடக் கூலிக்காரனுக்கு ஒரு வெள்ளி என்ன மதிப்பு என்று வகுப்பில் கேட்டுப்பாருங்கள். தான் ஒருநாளும் கால் வைக்கப்போகாத நூலகத்துக்கு ஒருவன் காசு கொடுக்கிறான். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைத் தனிநாயகம் அடிகளார் நடத்த முடிந்ததற்கு, அந்த வெள்ளிக்காசுகள் ஆக்கிய சூழலும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

பக்கத்து நாட்டில் ஒரு பள்ளி ஆசிரியர் செய்ததும் இதே வரிசையில் வரும். 1958-இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்ன தம் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு, ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனதொலுவ என்ற கிராமத்துக்குப் போய் உழைத்தார். சர்வோதய இயக்கத்தின் தொடக்கம் அது. ‘சிரமதானம்’ என்ற சொல் இலங்கைத் தமிழர் பேச்சிலும் பரவியது. பள்ளிக்கூடமும் ஒரு வேலையிடம்தான், இல்லையா?

இனி இன்றைய வடிவத்துக்கு வருவோம். மாணவர்கள் எழுதும் அந்த ஒரே நிற டீசட்டைக்குப் பின்னால் ஒரு தேதி இருக்கிறது. 2006-இல் புர்சா மலேசியா, பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களுக்கான சமூகப் பொறுப்புக் கட்டமைப்பை வெளியிட்டது. சுற்றுச்சூழல், சமூகம், வேலையிடம், சந்தை என்று நான்கு பகுதிகள். அடுத்த ஆண்டிலிருந்து, தாங்கள் செய்த சமூகப் பணியை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்ற விதியும் வந்தது. அதே 2006-இல் அரசு சார்ந்த நிறுவனங்களுக்கு ‘வெள்ளிப் புத்தகம்’ என்ற வழிகாட்டியும், பள்ளிகளைத் தத்தெடுக்கும் பிந்தார் திட்டமும் வந்தன. உங்கள் வட்டாரப் பள்ளிக்கு ஏதாவது ஒரு நிறுவனம் சாயம் பூச வந்திருந்தால், அந்த வாளியின் அடியில் இந்த ஆண்டு இருக்கக்கூடும்.

இந்தியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. நம்ம நாட்டில் செலவுக்கு அளவு வைக்கவில்லை, சொல்வதற்கு மட்டும் விதி வைத்தார்கள். இரண்டில் எது மேல் என்பதை மாணவர்கள் விவாத மேடையில் எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், சொல்ல வேண்டும் என்ற விதிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. சொல்வதற்கு ஏற்ற வேலையைத்தான் தேடிச் செய்யத் தோன்றும். முதியவருக்குச் சோறு ஊட்டுவது படத்தில் நன்றாக வரும். இல்லத்தின் கழிவுநீர்க் குழாயைச் சரிபண்ணுவது வராது.

இங்கேதான் பழையதும் புதியதும் பிரியும் இடம். ரயில்வே கோட்டர்ஸ்காரர்கள் வேலை முடித்து வந்து தாங்களே தீர்மானித்தார்கள். இன்று பெரும்பாலும் மனிதவளப் பிரிவு தேதி குறிக்கிறது. ‘வர்றது உங்க இஷ்டம்’ என்பார்கள், ஆனால் வராதவர் பெயர் தெரிந்துவிடும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் குழந்தையை யாரிடம் விடுவது என்று தவிக்கும் தாய்க்கு அந்த ‘இஷ்டம்’ எப்படிக் கேட்கும்? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள் தருகிறது. 2023 முதல் வார வேலை நேரமும் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. ஓய்வு நாளில் கட்டாயமாக வரவழைத்தால் அது தொண்டா, வேலையா? இந்தக் கேள்வியைக் கட்டுரையில் கேட்கத் துணியும் மாணவருக்கு நான் கூடுதல் புள்ளி கொடுப்பேன். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் எழுத வேண்டும். வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, ஊழியரை அனுப்பும் நிறுவனங்களும் இருக்கின்றன. அவை இல்லையென்றால் பல பேர் ஓர் இல்லத்தின் வாசலை வாழ்நாளில் மிதித்திருக்க மாட்டார்கள்.

பெறுகிறவர் பக்கம் நின்று பாருங்கள். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரத்தில் இல்லங்களுக்கு அரிசியும் முறுக்கும் வந்து குவியும். பிப்ரவரியில் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். பிள்ளைகள் ஒரு நாளைக்கு மூன்று குழுவுக்கு மூன்று முறை பாட்டுப் பாட வேண்டியிருக்கும். அவர்களுக்குப் பரீட்சை இருக்கிறதா என்று யார் கேட்கிறார்கள்? படம் எடுப்பதிலும் சட்டச் சிக்கல் உண்டு. 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, பாதுகாப்பு வழக்கில் இருப்பவர் போன்ற சில வகைச் சிறாரை அடையாளம் காட்டும் படத்தையோ விவரத்தையோ வெளியிடத் தடை விதிக்கிறது. முகநூலில் போடுமுன் இல்லப் பொறுப்பாளரைக் கேட்பது மரியாதைக்கு மட்டும் இல்லை. பள்ளிக் கழகத்தை இல்லத்துக்கு அழைத்துப்போகும் ஆசிரியர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின்படி அந்த இல்லம் சமூக நலத் துறையில் பதிவு பெற்றிருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள்.

வேலையிடக் குழுவுக்கே பொருத்தமான தொண்டு எது என்று கேட்டால் நான் இரத்த தானத்தைத்தான் முதலில் சொல்வேன். சிவப்பணுவை அதிகம் போனால் ஆறு வாரம் வைத்திருக்கலாம். தட்டணு ஐந்து நாளைத் தாண்டாது. ஆகவே ஒரே நாளில் ஆயிரம் பேர் கொடுத்துவிட்டு அப்புறம் மறந்துபோனால் பயன் குறைவு. நோன்பு மாதத்திலும் பெருநாள் விடுமுறையிலும் கையிருப்பு குறையும். தேசிய இரத்த மையத்தின் நடமாடும் குழு தொழிற்சாலைக்கே வந்து எடுக்கும். நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருபது பேர் என்று முறை வைத்துக்கொள்வது வேலையிடத்துக்குத்தான் சாத்தியம். தனி ஆளுக்கு அந்த ஒழுங்கு வருவது கடினம். சுத்த சமாஜத்தைப் பற்றிச் சொன்னபோது விட்டுவைத்த வேறுபாடு இதுதான். வருஷத்தில் ஒரு பெரிய நாளைவிட மாதாமாதம் ஒரு சின்ன நாள். கணக்காளர் குழு ஓர் இல்லத்தின் வரவுசெலவைப் பார்த்துக் கொடுப்பதும், மின்தொழிலாளர் குழு பழைய வயரிங்கை மாற்றிக் கொடுப்பதும் இதே வகை.

தண்ணீர்ப் பந்தலைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறையாது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகும் வழியெங்கும் ஒர்க்‌ஷாப் நண்பர்கள், லாரி ஓட்டுநர்கள், தொழிற்சாலைத் தோழர்கள், அலுவலகக் குழுக்கள் என்று பந்தல் போட்டு மோரும் சோறும் கொடுப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பல பேர் அதற்காகவே லீவு எடுப்பார்கள். தலைமை இல்லை, ஆண்டறிக்கை இல்லை. கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். பெரியபுராணத்தில் அப்பூதியடிகள் திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்த செய்தி வருகிறது. அவர் அதற்குத் தம் பெயரை வைக்கவில்லை. தாம் அதுவரை நேரில் பார்த்திராத திருநாவுக்கரசரின் பெயரை வைத்தார். இன்றைய பந்தல்களில் தொங்கும் பெரிய பேனர்களைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். அப்புறம் குப்பையும் நினைவுக்கு வரும். சாலையோரத்தில் மறுநாள் கிடக்கும் நெகிழிக் கோப்பைகளை அள்ளுவதும் பந்தல் போட்டவர் வேலைதான்.

2021 டிசம்பர் 17 முதல் பெய்த மழையில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொந்தப் படகோடு முதலில் போனவர்களில் பலர் சாதாரணப் பொதுமக்கள். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் சீக்கியத் தொண்டர்கள் சமைத்துச் சமைத்து அனுப்பினார்கள். தண்ணீர் வடிந்தபின்தான் பெரிய வேலை இருந்தது. சேறு அள்ளுவது, நனைந்த மெத்தையைத் தெருவுக்குத் தூக்குவது, சுவர் கழுவுவது. அதற்கு வந்த கூட்டத்தில் அலுவலகக் குழுக்களும் ஆசிரியர் குழுக்களும் இருந்தன. உத்தரவு வருவதற்குள் வாட்ஸ்அப்பில் ஆள் சேர்ந்துவிட்டது. கோட்டர்ஸ் காலத்தில் வேலி மேல் எட்டிப்பார்த்துச் செய்தி சொன்னார்களே, அதே வேகம்தான்.

கடைசியாக, பிரிக்பீல்ட்ஸில் இன்னும் முடியாத ஒரு கேள்வி. 2014-இல் விவேகானந்தா ஆசிரம நிலத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் வந்தபோது வட்டார மக்கள் எதிர்த்து நின்றார்கள். ஆசிரமத்தை நடத்தப் பணம் வேண்டும், மேம்பாட்டில் அந்த வருமானம் வரும் என்பது அறங்காவலர் பக்கம். எங்கள் தாத்தாக்கள் சம்பளத்தில் போட்ட காசு, இது எல்லாருக்கும் சொந்தம் என்பது மக்கள் பக்கம். கட்டடம் பின்னர் 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புப் பெற்றது. சட்டப்படி நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு உரிமை. ஆனால் பல பேர் சேர்ந்து கொடுத்த ஒன்று, கொடுத்தவர்கள் எல்லாரும் போனபிறகு யாருடையது? காசு கொடுத்தவரின் பேரப்பிள்ளைக்கு அதில் பேச்சுரிமை உண்டா? உண்டு என்பது என் கட்சி. ஆனால் அதை நிரூபிக்கக் காகிதம் வேண்டுமே! அந்தக் காகிதம்தான் நம்மிடம் குறைவு. கொடுத்தவர்கள் எழுதி வைக்கவில்லை, எழுதியவற்றில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது.

ஆகவே வரலாற்று ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் திட்டப்பணி கொடுக்கும்போது, மாணவர்களை வீட்டிலிருக்கும் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடச் சொல்லுங்கள். பிடித்தம் என்ற பத்தியில் என்னென்ன கழிந்திருக்கிறது என்று எழுதி வரட்டும். கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி வெள்ளிவிழா மலர், சங்க ஆண்டு மலர் கிடைத்தால், வாழ்த்துரைகளைத் தள்ளிவிட்டு நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ரயில்வே, துறைமுகம், தந்தி, தோட்டம் என்று ஏதாவது ஒரு சொல் இருக்கிறதா, தொகை எவ்வளவு என்று பார்க்கட்டும். தாத்தா பாட்டி இருந்தால் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, யார் இவர், எந்த வீட்டில் இருந்தார் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். பதிவின் தொடக்கத்தில் தேதியையும் இடத்தையும் சொல்ல மறக்க வேண்டாம்.